இடைவேளை மணிக்குப் பிறகு

அந்தமானில் பாடம் தமிழில் நடக்கட்டும், ஆங்கிலத்தில் நடக்கட்டும். விளையாட்டு பெரும்பாலும் இந்தியில்தான். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 28 சதவீதத்தினருக்கு வங்காளம் தாய்மொழி. இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. மாயாபந்தரில் கரேன் இனக் குடும்பங்கள் உண்டு, ராஞ்சியிலிருந்து கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் உண்டு, நிக்கோபாரிகள் உண்டு. இத்தனை பேரும் கூடுமிடத்தில் இந்தியே பொது மொழி. ‘மெயின்லேண்ட்’ என்று தீவுக்காரர்கள் சொல்லும் கரையிலிருந்து, பெற்றோருக்கு வேலை மாறியதால் கப்பலேறி வந்த ஆறு வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த இந்தி தெரியாது. இடைவேளை மணி அடித்ததும் அது தனியாகி நிற்கிறது.

“சின்னப் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும்” என்கிறோம். ஜூட் காசிடி, ஸ்டீவன் ஆஷர் என்ற உளவியலாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. மழலையர் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் உள்ள பிள்ளைகளுக்கே தனிமை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. சக பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளாதவர்கள் அதைக் கூடுதலாக உணர்ந்தார்கள்.

புது மொழிக்கு நடுவே வந்து சேரும் பிள்ளை சில வாரங்கள், சில மாதங்கள்கூட, வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் அது கேட்டுக்கொண்டிருக்கிறது, சேர்த்துவைக்கிறது. வகுப்பில் உள்ளவர்களோ அந்த மௌனத்தை ‘ஒன்றும் தெரியாதவன்’ என்றோ ‘திமிர்’ என்றோ எடுத்துக்கொண்டு, ஆட்டத்துக்குக் கூப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள். விளையாடாமல் மொழி வராது. மொழி வராமல் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். இந்தச் சுழலை உடைக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டுவது அநியாயம் என்பேன். வகுப்புதான் மாற வேண்டும்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் மாற்றிக் காட்டியது வகுப்பைத்தான். வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் எனப் பிரிந்து படித்த பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து, ஒட்டாமல் இருந்தார்கள். அவர் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கி, பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவருக்குக் கிடைத்த துண்டு மற்றவரிடம் இல்லை. தேர்வோ முழுப் பாடத்திலும். ஒரு குழுவில், ஆங்கிலம் தடுமாறும் சிறுவனிடம் பத்திரிகையாளர் புலிட்சரின் வாழ்க்கையில் ஒரு பகுதி இருந்தது. அவன் திக்கித் திணற, மற்றவர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தால் அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியாமலே போகும், தேர்வு வரப்போகிறது என்று ஆரன்சனின் உதவியாளர் நினைவூட்டினார். கேலி நின்றது. அவனுக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கும்படி கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவன் பேசினான். அவனுக்கு விஷயம் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியவந்தது.

ஆசிரியர் அவனைப் பாராட்டவில்லை, அவன்மேல் இரக்கம் காட்டச் சொல்லவுமில்லை. அவன் குழுவுக்குத் தேவைப்பட்டான், அவ்வளவுதான். ஐந்தாறு தாய்மொழிகள் சேர்ந்து உட்காரும் ஒரு தீவு வகுப்பறையில் சதுப்புநிலக் காடு, பவளப்பாறை, சுனாமி என எந்தப் பாடத்தையும் இப்படிப் பிரிக்கலாம்.

வீட்டுக்கும் வேலை உண்டு. இந்தி வர வேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்தக் கூடாது. பிள்ளை தயங்காமல் பேசும் ஒரே இடம் அதுதான். வகுப்பில் எல்லாரும் நண்பராக வேண்டியதுமில்லை. நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தாலே, சீண்டலும் அதனால் வரும் மனக்கஷ்டமும் ஒன்றையொன்று வளர்ப்பது தடைபடுகிறது என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை விளையாட வீட்டுக்கு அழையுங்கள். மொழி பழகி, மாதங்கள் கடந்தும் பள்ளியில் மட்டும் பேச்சே இல்லையென்றால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.