வேலையிழந்தோர் நிவாரணம்: தாமதங்களும் தீர்வுகளும்

வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றால் அல்லலுறும் குடிமக்களுக்கு, தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு அரசு உதவ வேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. நோய்க்கும் விபத்துக்கும் மகப்பேற்றுக்கும் பாதுகாப்பளிக்க 1948ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் அத்திட்டம் செயற்படத் தொடங்கியது. ஆயினும், வேலையிழப்புக்கு எதிரான பாதுகாப்பு அதில் இடம்பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்றவற்றால் வேலையிழந்தோருக்கென 2005 ஏப்ரல் முதல் நாளன்று ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா தொடங்கப்பட்டது. 2018 ஜூலை முதல் நாளன்று அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்னும் திட்டம் சோதனை முறையில் நடைமுறைக்கு வந்தது.

இந்த இரண்டாவது திட்டத்தின் கீழ் நிவாரணம் கோருவோர் சந்திக்கும் இடர்ப்பாடுகளையும், அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருக்கும் இளைஞர்களுக்குச் சில மாநில அரசுகள் அளிக்கும் உதவித்தொகை வேறு, இது வேறு. இது சந்தா செலுத்திய தொழிலாளி பெறும் நிவாரணம்.

யாருக்குக் கிடைக்கும்?

2020இல் தளர்த்தப்பட்ட விதிகளின்படி, காப்பீட்டுக்குரிய வேலையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருந்திருத்தல் வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. வேலையிழப்புக்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமலும், அதற்கு முந்தைய மூன்று காலங்களுள் ஏதேனும் ஒன்றில் 78 நாட்களுக்குக் குறையாமலும் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையின் பேரில் நீக்கப்பட்டோர், ஓய்வு பெறும் வயதை எய்தியோர், விருப்ப ஓய்வு பெற்றோர், தாமாகவே வேலையை விட்டு நின்றோர் ஆகியோருக்கு நிவாரணம் இல்லை.

தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த நிவாரணம், பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 24 முதல் வேலையிழந்தோருக்கு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 90 நாட்கள் காத்திருந்த பின்னரே கோரலாம் என்ற விதி 30 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஒருவர் தம் வாழ்நாளில் மொத்தம் 90 நாட்களுக்கு மட்டுமே இதனைப் பெற இயலும். திட்டமும் தளர்வுகளும் குறிப்பிட்ட காலத்துக்கென அறிவிக்கப்பட்டு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்துள்ளன. எனவே, வேலையிழந்த நாளுக்குப் பொருந்தும் ஆணை எது என்பதைக் கிளை அலுவலகத்தில் முதலில் உறுதி செய்துகொள்ளல் நலம்.

கணக்கிடும் முறை

கடைசி நான்கு சந்தாக் காலங்களில் பெற்ற மொத்த ஊதியத்தை 730ஆல் வகுத்துச் சராசரி நாள் ஊதியம் காணப்படுகிறது. மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெற்ற ஒருவருக்கு 24 மாதங்களுக்கும் சந்தா பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். மொத்த ஊதியம் 3,60,000 ரூபாய். நாள் சராசரி ஏறத்தாழ 493 ரூபாய். அதில் பாதியை 90 நாட்களுக்குக் கணக்கிட்டால் சுமார் 22,190 ரூபாய் கிடைக்கும்.

அதே தொழிலாளிக்கு ஆறு மாதச் சந்தாவை முதலாளி செலுத்தாமல் விட்டிருந்தால் மொத்த ஊதியம் 2,70,000 ரூபாய் என்றே ஏட்டில் காணப்படும். வகுக்கும் எண்ணோ மாறுவதில்லை. நிவாரணம் சுமார் 16,640 ரூபாயாகக் குறைந்துவிடும். தகுதி இருந்தும் 5,500 ரூபாய்க்கு மேல் இழப்பு. பதிவேட்டில் உள்ள குறை, தகுதியை மட்டுமன்றித் தொகையையும் பாதிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

தடைகள் எங்கே எழுகின்றன?

முதலாவது, அடையாளக் குழப்பம். ஒரு தொழிலாளிக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே காப்பீட்டு எண் இருத்தல் வேண்டும். ஆனால் வேலை மாறும்போது பழைய எண்ணைத் தெரிவிக்காததால் புதிய எண் வழங்கப்பட்டுவிடுகிறது. சந்தா இரண்டு எண்களிலும் சிதறிக் கிடக்க, இரண்டாண்டுப் பணிக்காலம் நிறைவு பெறாதது போலத் தோன்றும். பெயரின் எழுத்துகளும் பிறந்த நாளும் ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் வேறுபடுவதும் இவ்வகையினதே.

இரண்டாவது, முதலாளியின் பதிவு. வேலையை விட்டு நீங்கிய நாளும் காரணமும் முதலாளியால் கணக்கில் ஏற்றப்படுகின்றன. ஆட்குறைப்பில் நீக்கப்பட்டவரைத் 'தாமாக விலகியவர்' என்று குறித்துவிட்டால் கோரிக்கை தடைபடும்.

மூன்றாவது, சந்தா பாக்கி. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். ஊதியத்தில் பிடித்துவிட்டுச் செலுத்தாமல் விடுவது தண்டனைக்குரிய குற்றமாகும். பிடிக்கப்பட்ட பணம் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்புப் பணம் என்பதே 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கோட்பாடு.

நான்காவது, விண்ணப்ப நடைமுறை. முன்பு கடைசி முதலாளியின் வழியாகவே கோரிக்கை அனுப்பப்பட வேண்டியிருந்தது. கதவடைத்த ஆலையின் முதலாளியைத் தேடி அலைவது எங்ஙனம்? 2020இல் இந்நிலை மாற்றப்பட்டு, கிளை அலுவலகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்ற நிபந்தனையும் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. கணினி வழியே விண்ணப்பித்து ஆவணங்களின் நகல்களையும் பதிவேற்றியவர், தாள் விண்ணப்பத்தைத் தனியே தர வேண்டியதில்லை. பதிவேற்றாதவர் மட்டும் கையொப்பமிட்ட அச்சுப்படியை ஆவணங்களுடன் அளித்தல் வேண்டும். இதை அறியாததால் கோரிக்கைகள் பாதி வழியில் நின்றுவிடுவதுண்டு.

தொழிலாளி செய்யத்தக்கவை

வேலையில் இருக்கும்போதே ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தம் கணக்கில் சந்தா பதிவாகியுள்ளதா என்று பார்த்துக்கொள்வது முதற் கடமை. ஊதியச் சீட்டு, நியமனக் கடிதம், பணிநீக்கக் கடிதம், ஊதியம் வரவான வங்கிக் கணக்கின் பக்கங்கள் ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். சந்தா பிடிக்கப்பட்டதற்கு ஊதியச் சீட்டே முதற் சான்று.

கோரிக்கை அளித்தபின் ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 15 நாட்களுக்குள் கோரிக்கை முடிக்கப்படும் என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. அதற்குமேல் தாமதமானால், முதலில் கிளை மேலாளருக்கும், பின்னர் மண்டல அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் முறையிடலாம். மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யலாம். கோரிக்கை எந்த நிலையில் உள்ளது, எந்த விதியின்படி நிறுத்தப்பட்டது என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டால், 30 நாட்களுக்குள் விடையளித்தல் கட்டாயம். வாய்மொழியாகப் பெறும் மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம்; எழுத்தில் பெற்ற மறுப்பே அடுத்த படிக்கு ஆதாரமாகும்.

அலுவலர்களின் பொறுப்பு

முதலாளி சந்தா செலுத்தத் தவறினாலும் தொழிலாளிக்கு உரிய பயனைக் கழகம் வழங்கி, அத்தொகையை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆவது பிரிவு தந்த நெறியாகும். அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறலாம். பிறர் செய்த தவற்றுக்குத் தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்ற நெறி மாறலாகாது.

ஆகவே, குறையுள்ள விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புமுன், அக்குறை யாருடையது என்று அலுவலர் ஆராய்தல் நன்று. இரட்டைக் காப்பீட்டு எண்ணை இணைப்பதும், விலகல் காரணம் பற்றி நிறுவனத்திடம் விளக்கம் கேட்பதும் அலுவலகத்தாலேயே இயலும். வேலையிழந்தவருக்கு முதல் மாதம் கையிருப்பில் கழியும். இரண்டாம் மாதம் கடனில் கழியும். ஆறு மாதம் கழித்து வந்து சேரும் நிவாரணம் வட்டிக்கே சரியாகிவிடும். நிவாரணத்தின் பயன் அதன் அளவில் பாதி, அது வந்து சேரும் காலத்தில் பாதி என்பதை நிருவாகம் மறத்தலாகாது.