முழங்கால் ஆபரேஷனுக்கு ரோபோ அவசியமா? லோன் போடும் முன் இதைப் படிங்க

சேலத்தில் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்குத் திரும்பும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பல வருஷம் காபித் தோட்டச் சரிவில் ஏறி இறங்கிய கால்கள். "மூட்டு தேஞ்சுபோச்சாம், மாத்தணும்னு சொல்றாங்க. ரோபோ வெச்சுப் பண்ணா நல்லதாம். ஆனா காசு கூட ஆகுமாம்." பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஃபேமிலி குரூப்பில் கேட்கிறார்: "லோன் போட்டாவது ரோபோவே பண்ணிடலாமா?"

இந்தக் கேள்வி சேர்வராயன் மலையில் மட்டும் இல்லை, இன்று பல வீடுகளில் ஓடுகிறது. பதிலைப் பார்ப்போம்.

மலையில் முழங்காலுக்கு என்ன ஆகிறது?

சமதளத்தில் நடக்கும்போதே மூட்டின் மீது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. படி இறங்கும்போது அது சுமார் மூன்றரை மடங்கு. "ஏறிடுவேன், இறங்கத்தான் முடியல" என்று மலைக்காரர்கள் சொல்வது இதனால்தான். எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு முழுசாகத் தேய்ந்து, மாத்திரை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு எதுவும் கைகொடுக்காதபோதுதான் மூட்டு மாற்று.

ரோபோவே ஆபரேஷன் பண்ணுமா?

பெரும்பாலும் இல்லை. மாகோ போன்ற கருவிகளில், முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து உங்கள் முழங்காலின் முப்பரிமாண மாடலைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவார்கள். எங்கே, எவ்வளவு எலும்பை வெட்டுவது என்பதை டாக்டர் அதில் திட்டமிடுவார். ஆபரேஷனின்போது தொடை எலும்பிலும் கெண்டைக்கால் எலும்பிலும் சிறு பின்கள் பொருத்தப்பட்டு, கால் அசைவதைக் கேமரா கவனிக்கும். ரம்பத்தைப் பிடித்திருப்பது டாக்டரின் கை. குறித்த எல்லையைத் தாண்டப் போனால் ரோபோக் கை தடுத்துவிடும். ஸ்கேன் இல்லாமலே இயங்கும் கருவிகளும், வெட்டுவதைத் தானே செய்யும் கருவிகளும் உண்டு. அவற்றிலும் திட்டமும் பொறுப்பும் டாக்டருடையதுதான்.

சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ரோபோடிக் அறுவை சிகிச்சை மையம் திறந்தார்களே, அதுவா இது? இல்லை. அது வயிறு, சிறுநீரகம் போன்ற உறுப்புகளுக்கானது. எலும்பு வெட்டும் ரோபோ வேறு வகை.

உண்மையில் லாபம் என்ன?

துல்லியம். திட்டமிட்ட கோணத்தில் செயற்கை மூட்டைப் பொருத்துவதில் ரோபோ முந்துகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் நோயாளிக்கு வேண்டியது கோணமா? வலியில்லாமல் நடப்பதுதானே! தென் கொரியாவில் சுமார் 1,400 பேரை இரு குழுவாகப் பிரித்து, குறைந்தது 10 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-ல் வெளியானது. மூட்டின் செயல்பாடு, ஆயுள் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் பயன்பட்டது பழைய தலைமுறை ரோபோ என்பதையும் சொல்ல வேண்டும். புதியவற்றுக்கு அவ்வளவு நீண்ட காலக் கணக்கு இன்னும் சேரவில்லை.

வழக்கமான முறையும் லேசுப்பட்டது இல்லை. முழு மூட்டு மாற்று செய்தவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு அது 25 வருடம் தாங்குகிறது என்று 2019-ல் லான்செட் இதழ் ஆய்வு சொன்னது.

பில்லில் எதைப் பார்க்கணும்?

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான், ரோபோக் கட்டணத்துக்கு இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று சிகிச்சை உண்டு. எனவே கார்டு இருந்தால் முதலில் அந்த வழியை விசாரியுங்கள்.

டாக்டரிடம் கேட்க 4 கேள்விகள்

* இப்போதே மாற்றணுமா, இன்னும் தள்ளிப்போடலாமா?
* வருடத்துக்கு எத்தனை மூட்டு மாற்று செய்றீங்க?
* ரோபோவுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? காப்பீடு அதை ஏற்குமா?
* என் அம்மாவின் காலில் ரோபோ தேவைப்பட என்ன குறிப்பான காரணம்? கால் அதிகம் வளைந்திருப்பது, பழைய எலும்பு முறிவு போன்றவை இருந்தால் பதில் மாறலாம்.

அப்போ லோன்?

அனுபவமுள்ள டாக்டர் கிடைத்து, ரோபோவும் கைக்கு எட்டும் செலவில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அதற்காகவே கடன் வாங்கணும் என்றால் அவசியமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரங்கள் பிசியோதெரபி வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் கால் மடங்காது, எந்த ரோபோ செய்திருந்தாலும். ஒவ்வொரு தடவையும் 30 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கி ஏறுவது அந்தக் காலுக்குக் கஷ்டம். கையில் இருக்கும் பணத்தில் சேலத்தில் சில வாரங்கள் தங்க ஒரு வீடு, ஏற்காட்டு வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், வாசல் படியில் ஒரு கைப்பிடி. அம்மா மறுபடி சரிவில் இறங்க, முதலில் வேண்டியது இவைதான்.