கூடுதல் மாடிக்கு இனி மன்னிப்பு இல்லை!

கோடம்பாக்கம்: "இன்னொரு மாடி போட்டுடலாம், அப்புறமா பணம் கட்டி சரி பண்ணிக்கலாம்" என்று நினைப்பவர்கள் உஷார்!

1999 பிப்ரவரி 28 வரை கட்டிய விதிமீறல் கட்டிடங்களுக்கு அரசு சலுகை தந்தது. அந்த தேதியை தள்ளிவைத்ததை 2006-ல் ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2012-ல் வந்த சட்டமும் 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்குத்தான். கோடம்பாக்கம் மண்டலத்தில் உள்ள ரங்கநாதன் தெருவில் 2011-ல் கடைகளுக்கு சீல் வைத்ததை ஊரே பார்த்தது.

2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் கறார் காட்டியது. பணி நிறைவு சான்று இல்லாமல் கரண்டு, தண்ணீர் இணைப்பு கூடாது. சான்றை பார்த்தே பேங்க் கடன் தர வேண்டும் என்றது.

பிளாட் வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்ரூவ்டு பிளானை கேளுங்கள். அதில் எத்தனை மாடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.