பழைய ஜீப் வண்டியை வைத்துக் காப்பாற்றும் முறை

மலையடிவாரத்திலும் மலைமேலும் நிலமுள்ளவர்களுக்கு ஜீப் என்னும் வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் வேலையாட்களை ஏற்றிச் செல்வது பெரும்பாலும் இவ்வண்டியே. கொல்லிமலையிலிருந்து மிளகும், கீழ்ப்பழனி மலையிலிருந்து காபியும் வாழைத்தாரும் தார்ரோடு வரையில் இறங்கி வருவதும் பல இடங்களில் இதன் முதுகின் மேல்தான். புதிய வண்டி வாங்கும் விலையில் சிறு பாகத்திற்குக் கிடைப்பதால், முப்பது நாற்பது வருஷம் ஓடிய ஜீப்பை வாங்கிச் செப்பனிட்டு வைத்துக்கொள்ள விரும்பும் குடியானவர்கள் அநேகர். விலை குறைவுதான், ஆனால் அதன் இயல்பை அறியாமல் ஓட்டுகிறவர்கள் மலைச்சரிவில் கொடுக்கும் விலை வேறு. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே கவனிப்பது நலம்.

ஜீப் யுத்தத்திற்கென்று பிறந்த வண்டி. 1941-ம் வருஷம் முதல் 1945 வரையில் அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனியாரும் சேர்ந்து ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தனர். யுத்தம் முடிந்ததும் இந்தியாவில் எஞ்சி நின்றவை பல கைமாறித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. 1945-ல் வில்லிஸ் கம்பெனியார் விவசாயிகளை உத்தேசித்தே பின்கதவும் இழுவைச் சட்டமும் அமைந்த வேறொரு வகையை வெளியிட்டனர். அதே வருஷத்தில் துவங்கப்பெற்ற மகீந்திரா கம்பெனி, பின்னர் வில்லிஸ் ஜீப்பை இந்நாட்டில் பூட்டத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் செய்துவந்தது. 1953-ல் வில்லிஸ் வெளியிட்ட, மூடி உயர்ந்த ‘சி.ஜே. 3-பி’ என்னும் வகையே நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது. உள்வால்வுகள் மேலே அமைந்ததால் என்ஜின் உயரமாயிற்று. என்ஜின் உயரவே மூடியும் உயர்ந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் யுத்த வண்டியில் இருந்தபடியே 80 அங்குலந்தான். இக்குறுகிய அளவே ஜீப்பின் பலம். அதன் பலவீனமும் அதுவே.

நான்கு சக்கர இழுப்பு

கியர் பெட்டியின் பின்னால் இன்னொரு சிறு பெட்டி உண்டு. என்ஜினின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பது அது. ஒரு லீவர் முன் அச்சைச் சேர்க்கும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுப்பைப் பெருக்கும். சாதாரண சிவில் ஜீப்பில் இக்குறை வேகம் 2.46 மடங்கு. முதல் கியரையும் அச்சின் 5.38 விகிதத்தையும் கூட்டிப் பெருக்கினால், என்ஜின் சுமார் 37 தடவை சுற்றும்போது சக்கரம் ஒரு தடவை சுற்றும். செங்குத்தான பாதையில் வண்டி நடைவேகத்தில் ஏறுவதும், இறங்கும்போது பிரேக்கைத் தொடாமலே என்ஜின் பிடித்து நிறுத்துவதும் இதனால்தான்.

இவ்வமைப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவில் திரும்பும்போதோ முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் செல்கின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி இவ்வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார்ரோட்டில் வழுக்க இடமில்லை; தண்டுகள் முறுக்கேறிக் கடைசியில் பல்சக்கரம் உடையும். லீவர் இறுகிக்கொண்டு வரமாட்டேனென்றால் சுத்தியலைத் தேட வேண்டாம். வண்டியைச் சில அடி பின்னோக்கி நேராக ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து லீவர் தானே வரும். நான்கு டயர்களும் ஒரே சுற்றளவாக இருக்க வேண்டுமென்பதன் காரணமும் இதுவே. முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புதிய டயரும் மாட்டி ஓட்டுகிறவர்கள் நேர்ப்பாதையிலும் பெட்டியை முறுக்குகிறார்கள்.

வாங்குமுன்

முதலில் காகிதம், பிறகுதான் வண்டி. பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் நெம்பரும் சட்ட நெம்பரும் வண்டியிலுள்ளவற்றோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகளில் பாதிக்கு என்ஜின் மாறியிருக்கும், புத்தகத்தில் மாறியிராது. பல வண்டிகள் காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே நிற்கின்றன. வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றாமல், வெறும் கடிதத்தின் பேரில் வாங்குவது பின்னால் விபத்து நேர்ந்தால் பெருந்தொல்லை. இப்படிப்பட்ட விற்பனையில் கிராம அதிகாரிகளிடம் யோசனை கேட்பவர்களுக்கு இதை முதலில் சொல்வது உபகாரமாகும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷத்திற்கே செல்லும். அதன்மேல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கும்போது வர்ணத்தைப் பார்க்கலாகாது. அடியில் படுத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் தொங்கும் இடங்களிலும் என்ஜின் உட்காரும் இடங்களிலும் வெடிப்போ ஒட்டுத்தகடோ உண்டா என்று கம்பித் தூரிகையால் தேய்த்துச் சோதிப்பது நல்லது. பெட்ரோல் என்ஜினானால் நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தமானி வைத்துப் பார்க்கலாம். கூடியதற்கும் குறைந்ததற்கும் வேற்றுமை 10 பவுண்டுக்கு மேற்பட்டால் கோளாறு உண்டு. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் சோதிக்கவும். அழுத்தம் உயர்ந்தால் ரிங் தேய்வு. உயராவிட்டால் வால்வு அல்லது தலைப்பக்கத்துக் கேஸ்கெட்டு. முன்னதற்கு ஆகும் செலவு பின்னதைவிடப் பன்மடங்கு.

பிரேக்

உயிரைப் பற்றிய விஷயமாதலால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அனுப்புவது ஒரே சிலிண்டர், ஒரே வழி. எங்கேனும் ஒரு ரப்பர்க்குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் கசிந்திருப்பதைக் கண்டும் மலையேறுகிறவன் தன்னோடு ஏறியவர்களையும் பணயம் வைக்கிறான். முன்னும் பின்னும் தனித்தனி வழியுள்ள இரட்டைச் சிலிண்டர் இப்போது கிடைக்கிறது. பழைய ஜீப்புக்குச் செய்யத்தக்க மாறுதல்கள் எத்தனையோ இருப்பினும் முதலிற் செய்ய வேண்டியது இதுதான். அலங்கார விளக்கும் அகன்ற டயரும் இதன் பிறகு.

கைப்பிரேக்கு சக்கரத்தில் இல்லை, நடுப்பெட்டியின் பின்புறத்துத் தண்டில் இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுழல மற்றச் சக்கரம் மறுபுறம் உருளும். கைப்பிரேக்கு இழுத்திருந்தும் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். சரிவில் டயர் மாற்றும்போது ஆட்கள் நசுங்குவது இப்படித்தான். முன் அச்சையும் சேர்த்துவிட்டு, தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

மாறுதல்கள்

ஸ்பிரிங்கை உயர்த்துவதும் பெரிய டயர் மாட்டுவதும் வாலிபர்களுக்குப் பிரியமான காரியங்கள். ஜீப்பின் சக்கர அகலம் சுமார் நான்கடி. இருக்கிற உயரத்திலேயே சரிவின் குறுக்கே ஓட்டினால் புரளக்கூடிய வண்டி அது. ஓர் அங்குலம் உயர்த்தினாலும் அபாயம் கூடும். பின்தண்டு மிகக் குட்டையானதால், வண்டி உயர்ந்ததும் அதன் சாய்வு அதிகமாகி மூட்டுகள் விரைவில் தேயும். பெரிய டயரின் கனத்தை 9 அங்குல டிரம் பிரேக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. கித்தான் கூரை புரண்ட வண்டியில் ஒருவரையும் காப்பாற்றாது. உறுதியான குழாய்ச் சட்டமும் இடுப்பு வாரும் இரண்டும் சேர்ந்தே பயன் தரும்.

டீசல் என்ஜின் பொருத்தியவர்கள் எண்ணெய்ச் செலவில் மிச்சம் பிடித்தது உண்மை. ஆயினும் அது கனமானது, அதிர்ச்சி மிகுந்தது. பெட்ரோலுக்கென்று செய்த சட்டம் என்ஜின் தாங்கியருகே வெடிப்பது வழக்கம். தவிரவும், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை உறுதிப்படுத்திற்று. என்ஜினை மாற்ற நினைப்பவர் பதிவு அதிகாரியின் அனுமதியை முன்னதாகப் பெறுதல் வேண்டும். இல்லாவிடில் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் கைவிட இடம் கொடுத்தவராவார்.

யுத்தகாலத்து வண்டியின் மின்சாரம் 6 வோல்ட்டு. 12 வோல்ட்டாக்கினால் காலைக் குளிரில் என்ஜின் எளிதில் பிடிக்கும். பல்பு, காயில், ஹாரன் ஆகியவற்றையும் கூடவே மாற்றிவிட வேண்டும்.

அடிக்கடி நேரும் கோளாறுகள்

கோடைப் பகலில் ஏற்றத்தில் நின்று, ஆறியபின் தானே புறப்படும் பெட்ரோல் வண்டிக்குப் பெரும்பாலும் நோய் ஒன்றே. பெட்ரோல் குழாய் சூடேறி உள்ளே ஆவியாகிப் பம்பு இழுக்க முடியாமற் போகிறது. ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றினால் அப்போதைக்குத் தீரும். குழாயைப் புகைக்குழலுக்கு அப்பால் தள்ளி அமைத்தால் நிரந்தரமாகத் தீரும். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் துருவும் நீரும் தங்கியிருக்கின்றனவா என்பதையும் பார்க்கலாம். பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலமும் பாயிண்டின் இடைவெளி 0.020 அங்குலமும் இருக்க வேண்டும். கம்பிகளைக் கழற்றியவர்கள் 1-3-4-2 என்ற வரிசையை மாற்றி மாட்டிவிட்டு என்ஜினைக் குறைகூறுவதும் உண்டு.

சூடேறுவதற்கு நம் குடியானவர்களே ஒரு காரணம். ஆழ்கிணற்று உப்புநீரை ரேடியேட்டரில் விட்டால், அடுப்பிலுள்ள வெந்நீர்ப் பானையைப் போலவே உள்ளே சுண்ணாம்புப் படலம் கட்டும். மழைநீரோ வடிநீரோ விட்டு, துருத்தடுக்கும் குளிர்த்திரவமும் சேர்ப்பது நல்லது. ரேடியேட்டரின் முன்புறத்தில் அடைந்த புல்விதையையும் வைக்கோல் தூசியையும் என்ஜின் பக்கத்திலிருந்து நீர்பாய்ச்சி வெளியேற்ற வேண்டும். முன்னிருந்து அடித்தால் இன்னும் உள்ளேதான் செல்லும்.

மேடு பள்ளத்தில் ஒரு தரம் அடிபட்டதும் முன் சக்கரங்கள் இடம் வலமாகக் கடகடவென்று ஆடி, ஸ்டீயரிங் கையை உதறுமாயின் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், நடுவிலுள்ள திருப்புக்கை, சக்கர பேரிங் இவற்றுள் ஒன்றோ பலவோ தளர்ந்திருக்கும். ஸ்டீயரிங் டாம்பர் ஒன்றை வாங்கி மாட்டி ஆட்டத்தை அடக்குவோர் நோயை மறைக்கிறார்களேயன்றித் தீர்ப்பதில்லை.

கியர் பெட்டிக்கும் நடுப்பெட்டிக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்தால், எண்ணெய் வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். ஒன்றில் அளவு மீறியிருந்தால் மற்றொன்று வறண்டிருக்கிறதென்று அறிக. மாதம் ஒருமுறை இரண்டு மூடிகளையும் திறந்து பார்ப்பது அவசியம். பித்தளைப் பாகமுள்ள பழைய கியர் பெட்டிக்கு, மருந்துச் சத்து மிகுந்த நவீன எண்ணெய் வகைகள் ஏற்பதில்லை. 90 நெம்பர் சாதாரண கியர் எண்ணெயே தகும்.

ஓடி வந்த சூட்டோடு ஓடை நீரில் இறங்கினால் அச்சுப்பெட்டியின் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சும். அச்சின் மூச்சுக்குழாய் மண்ணடைத்திருந்தால் இது நிச்சயம். எண்ணெய் பால்கலந்த காபியின் நிறமானால் தாமதமின்றி மாற்றுக. நீர் ஆழமாக இருந்தால் இறங்குமுன் விசிறிப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும்; சுழலும் விசிறி நீரை வாரி மின்கம்பிகளின் மேல் இறைக்கும்.

ஜீப்பைக் கொண்டு உழலாமா என்று கேட்போர் உண்டு. உழலாம், ஆனால் டிராக்டருக்கு ஈடாகாது. மெல்லச் சென்று நெடுநேரம் இழுக்கும்போது என்ஜின் காற்றின்றிச் சூடேறுகிறது. பின்புறத்தில் சக்தியெடுக்கும் தண்டு அமைந்த வண்டிகள் பம்பும் மரமறுக்கும் வாளும் ஓட்டத் தகுந்தவை. சுழலும் தண்டின் மேல் மூடியில்லாமல் ஒரு நாழிகையும் ஓட்டலாகாது. வேட்டி நுனியைப் பற்றினால் ஆளையும் பற்றும்.

காட்டுப்பாதை செல்லும் ஜீப்பில் விசிறிப்பட்டை ஒன்று, மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு, பாயிண்டு, கண்டென்சர், பிரேக் எண்ணெய் ஒரு டின், தண்டு மூட்டு ஒன்று, இருபதடிக் கயிறு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டு, ஜாக்கியின் கீழ் வைக்க அகலமான பலகை ஒன்று ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். பலகையில்லாமல் சேற்றில் ஜாக்கி வைத்தால், வண்டி உயராது. ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும்.