நாலாவது சுவர் இல்லாத அறை

ஒரு அறைக்கு எத்தனை சுவர்? நாலு என்பீர்கள். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் தம்போபாத்தா ஆற்றங்கரையில் ஒரு விடுதி இருக்கிறது. அங்கே அறைக்கு மூன்றே சுவர். நாலாவது பக்கம் காடு! கொசுவலைக்குள் படுத்தபடியே அமேசான் மழைக்காட்டைப் பார்க்கலாம். விடுதியின் பெயர் போசாடா அமசோனாஸ்.

அது இருப்பது இன்ஃபியர்னோ என்ற ஊரின் காட்டில். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு 'நரகம்' என்று பொருள். இவ்வளவு பச்சையான நரகத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. எஸ்ஸே எஹா பழங்குடியினரும் பின்னால் வந்து குடியேறியவர்களும் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். 1996இல் ஊராரும் ஒரு சுற்றுலா நிறுவனமும் ஒப்பந்தம் போட்டார்கள்: லாபத்தில் 60 சதவீதம் ஊருக்கு, 40 நிறுவனத்துக்கு. 1998இல் விடுதி திறந்தது. படகோட்டிகள், சமையல்காரர்கள், வழிகாட்டிகள் எனப் பலர் ஊர்க்காரர்களே.

வருகிறவர்கள் ஆசையாகத் தேடுவது ராட்சத நீர்நாயை. நம் காவிரியிலும் நீர்நாய் உண்டு. ஆனால் இது மூக்கிலிருந்து வால் நுனிவரை 1.7 மீட்டர்கூட வளரும். உங்கள் அப்பா உயரம்! ஒரு காலத்தில் தோலுக்காக இதைக் கொன்று குவித்தார்கள். தோலை ஒருமுறைதான் விற்கலாம். உயிரோடு நீந்தும் நீர்நாயைப் பார்க்க ஆண்டுதோறும் ஆட்கள் வருவார்கள். அந்த வருமானம் நிலைக்க வேண்டுமானால் நீர்நாய் வாழும் ஏரியும் வேண்டும், சுற்றிலும் காடும் வேண்டும்.

அந்த ஏரி பிறந்த கதை தெரியுமா? வளைந்து ஓடும் ஆறு, வளைவின் வெளிக்கரையை அரித்துக்கொண்டே போகும்; உள்கரையில் மணலைச் சேர்க்கும். வளைவு முற்றிப்போய், ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே வழி வெட்டிக்கொள்ளும். பழைய வளைவு தனியே நின்றுவிடும். குதிரை லாடம் போன்ற ஏரி ஒன்று கிடைத்துவிடும். த்ரெஸ் சிம்பாதாஸ் ஏரி அப்படி வந்ததுதான்.

ஓடாத நீர், நிறைய மீன். நீர்நாய்க்கு ஒரு நாளைக்கு 3 கிலோவுக்கு மேல் மீன் வேண்டும், பகலில்தான் வேட்டையாடும். படகுகள் துரத்தினால் குடும்பமே ஓடி ஒளியும். குட்டிகள் பசியோடு கிடக்கும். பார்க்க வருகிறவர்களின் ஆசையே ஆபத்தாகலாம், பாருங்கள்! அதனால் ஏரியின் ஒரு பகுதிக்குள் சுற்றுலாப் படகு போகக்கூடாது. மற்ற பகுதியிலும் துடுப்புப் படகுதான். விடுதி செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை இந்தத் தடைதான்.

தூரத்தில் அசையாமல் காத்திருந்தால், நீர்நாய்க்கே ஆர்வம் வந்துவிடும். தண்ணீரிலிருந்து உடம்பைச் செங்குத்தாகத் தூக்கி நம்மைப் பார்க்கும். அப்போது தொண்டையைக் கவனியுங்கள். அங்கே வெளிர்மஞ்சள் திட்டு இருக்கும். நம் கைரேகையைப் போல ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம், பிறந்ததிலிருந்தே. அதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் இது யார், போன வருஷம் பார்த்த குட்டிதானா என்று கண்டுபிடிக்கிறார்கள்.