அடைக்கோழியின் செல்வம்

மட்டக்களப்பு வாவி அந்நாட்டை இரு கூறாக்கிக் கிடக்கிறது. கதிரவன் எழும் கடற்புறம் எழுவான்கரை. அவன் படும் வயற்புறம் படுவான்கரை. வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் நிலாக்காலத்துப் பாடும் மீனைப் பற்றி எழுதுவதே வழக்கம். இக்கட்டுரை அத்துணை இனிய குரலைப் பற்றியதன்று. படுவான்கரை வீடொன்றின் பின்புறத்திலே, பழங்கடகமொன்றில் வைக்கோலின்மீது கிடந்தவாறு, கிட்டப்போன என் கையைக் கொத்திச் சீறிய ஒரு கோழியின் குரலைப் பற்றியது.

“அதத் தொடாத மனே! பதினெட்டு நாளாக் கிடக்குது. இன்னும் மூணு நாள்தான்” என்றார் வீட்டுக்கார ஆச்சி.

இந்த ஊர்க்கோழியை ஆச்சி தம் தமக்கையார் வீட்டிலிருந்து கொண்டுவந்தாராம். அதற்குமுன் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த குஞ்சுகளை வளர்த்திருக்கிறார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் இத்தகைய உதவிகள் பல இல்லங்களுக்குக் கிடைத்தன. ஆச்சியின் கோழிகள் நன்றாகவே முட்டையிட்டன. ஆனால், “ஒண்டாவது அடை கிடக்கல்ல மனே. ஒவ்வொண்டாச் செத்துப்போக, கடைசியில கூடுதான் மிஞ்சினது” என்றார். கொடுத்தவர் மனம் நல்லதே. கொடுக்கப்பட்ட கோழியும் நல்லதே. குறை எங்கே நேர்ந்தது?

அடை கிடத்தலென்பது கோழியின் பிடிவாதமன்று. உடலினுள் நிகழும் பெருமாற்றம். பத்துப் பன்னிரண்டு முட்டைகள் சேர்ந்ததும், அவை மார்பிலே படும் உணர்ச்சியினால் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் மிகுதியாக ஊறுகிறது. பாலூட்டும் விலங்குகளிலே பாலைச் சுரக்கச் செய்வதும் அதுவே. அது மிகுந்ததும் கோழியின் சூலகம் சுருங்குகிறது, முட்டையிடுதல் நிற்கிறது. மார்பிறகு உதிர்ந்து, வெறுந்தோலின் வெம்மை நேரே முட்டைகளுக்குச் செல்கிறது. நாளுக்கு ஒருமுறை, சிறிது நேரம் மட்டுமே இரைக்கும் நீருக்கும் எழுந்து செல்லும். ஏனைய நேரமெல்லாம் ஏறத்தாழ 37.5 பாகை வெப்பத்தைக் காத்து, முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைக்கும். இவ்வாறு 21 நாள். ஓடு உடையுமுன்பே உள்ளிருந்து குஞ்சு கீச்சிட, வெளியிருந்து தாய் மெல்லக் கொக்கரித்து விடையிறுக்கும். தாயும் சேயும் முகம் காணுமுன்னரே குரலால் உறவாடிவிடுகின்றன.

இத்துணை அரிய இயல்பை மனிதனே கோழியிடமிருந்து களைந்தான் என்பது வியப்பன்றோ? கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. அடை கிடக்கும் நாளிலும் குஞ்சுகளை வளர்க்கும் வாரங்களிலும் கோழி முட்டையிடாது. ஆதலின் ஊர்க்கோழி ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது, மிகின் அறுபது முட்டைகளே இடும். இத்தாலிய நாட்டு லிவோர்ணோத் துறைமுகத்தின் பெயரால் வழங்கும் வெள்ளை லெகோன் இனமோ முந்நூறை எட்டும். அவுஸ்திரேலியாவின் ஒஸ்திரலோப் இனப் பேடொன்று 365 நாளில் 364 முட்டைகளிட்டுப் புகழ்பெற்றது. முட்டை வேண்டியோர், அடை கிடக்கும் பேடுகளை ஒதுக்கி, கிடக்காதவற்றின் வழியையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினர். குஞ்சு பொரிக்கும் பணியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. லெகோன் கோழி தாய்மையை மறந்ததன்று, மறக்கும்படி ஆக்கப்பட்டது.

மின்சாரமும், தீவனமும், குஞ்சு விற்கும் பண்ணையும் தடையின்றிக் கிடைக்கும் வரையில் இவ்வேற்பாட்டில் பிழையில்லை. தடைபட்டால் என் செய்வது? 2022இல் இலங்கை கண்ட பொருளாதார நெருக்கடியின்போது தீவனம் அரிதாயிற்று. முட்டை விலை ஏழைக்கு எட்டாததாயிற்று. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டிய நிலையும் வந்தது. அந்நாளில், குப்பையைக் கிளறி இரைதேடித் தன் குஞ்சைத் தானே பொரிக்கும் ஊர்க்கோழி எந்தக் கப்பலையும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

எனவே, வெளியாரை எதிர்பாராது தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் கோழிக்கூட்டம் வேண்டுவோர், “ஆண்டுக்கு எத்தனை முட்டை?” என்று கேட்குமுன் “அடை கிடக்குமா? குஞ்சைக் காக்குமா?” என்று கேட்கவேண்டும். அடையிலிருந்து இடையில் எழுந்தோடாத பேடு, பருந்தின் நிழல் கண்டதும் குஞ்சுகளைச் சிறகினுள் அழைக்கும் பேடு, இவற்றின் வழியையே பேணவேண்டும். வெப்பமிகுந்த நாட்டுக்குக் கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழியும் ஏற்றது. உடற்சூட்டை அது எளிதில் வெளிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மட்டக்களப்பு தாய்வழிக் குடிமுறைக்குப் பெயர்பெற்ற நாடு. வீடும் வளவும் மகளுக்கே போகும். கோழிக்கும் தாய்வழியே போதுமென்று எண்ணிவிடலாகாது. அடை கிடக்கும் இயல்பு ஒரு மரபணுவால் அன்றிப் பலவற்றால் அமைவது. சேவலும் அதைத் தன் பெண்மக்களுக்குக் கடத்துகிறது. முட்டை பெருகட்டுமென்று லெகோன் சேவலைத் தொடர்ந்து விட்டால், சில தலைமுறையில் ஊர்க்கோழியும் அடையை மறக்கும். நல்ல அடைக்கோழி பெற்ற சேவலே கூட்டத்துக்குத் தந்தையாகட்டும். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். உடன்பிறப்புக் கலப்பைத் தவிர்க்க, சேவலை அயலூராருடன் மாற்றிக்கொள்வது நன்று.

அதற்காக முட்டை மிகுதியாயிடும் இனங்களைப் புறக்கணிக்க வேண்டுவதில்லை. அவற்றின் கருக்கொண்ட முட்டைகளை, ஒரு வாரத்துக்கு மேல் பழையதாகாமுன், ஊர்க்கோழியின் அடியில் வைக்கலாம். இரு பேடுகளை ஒரே நாளில் அடைவைத்து, பொரித்தபின் இரவிலே குஞ்சுகளையெல்லாம் ஒன்றிடம் சேர்த்தால், மற்றது விரைவில் முட்டைக்குத் திரும்பும். ஒரு வாரங் கழித்து முட்டைகளை விளக்கொளியிலே பிடித்துப் பார்த்துக் கூழ்முட்டையை விலக்கலாம். ஊரூராய்க் கோழிகளைக் கொள்ளைகொள்ளும் இராணிக்கெட் நோய்க்கு, வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்தை அவுஸ்திரேலிய அறிஞர்கள் ஆக்கினர். கண்ணிலே ஒரு சொட்டாக விடத்தக்க அத்தகைய மருந்து, குளிர்பெட்டியில்லாச் சிற்றூருக்குப் பெருவரம்.

ஊர்க்கோழியை இழிந்ததென்று எண்ணுவார்க்கு இன்னொரு செய்தி. உலகெங்கும் கோழிகளிடம் காணும் மஞ்சட் காலுக்குரிய மரபணு, தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென 2008இல் அறிஞர் கண்டனர். உயர்சாதியென மேனாட்டார் போற்றும் கோழியின் காலிலும் நம் காட்டின் நிறம் இருக்கிறது. இன்று சிற்றூர் வளவில் திரியும் கோழியிடம், நாளைக்கு உலகம் தேடப்போகும் இயல்புகள் எத்தனை உளவோ! அழிந்தபின் அவற்றை எந்த இயந்திரமும் பொரித்துத் தாராது.

நான்காம் நாள் மீண்டும் வாவியைக் கடந்து போனேன். வைத்த பதினொன்றில் ஒன்பது பொரித்திருந்தன. குருணையை இறைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து, “இதில ரெண்டு பேடு என்ட மகளுக்கு” என்றார். அவர் சொல்லும்போதே, அக்குஞ்சுகளில் எவை பேடென்று அறியும் காலம் வரவில்லை. எனினும் அவர் ஐயுறவில்லை. பொறுத்திருந்தார், தம் கோழியைப் போல.