மூன்று சென்டிமீட்டர் துப்பாக்கிக்கு ஒரு சுங்க நோட்டீஸ்

இரண்டாம் உலகப் போரின் காலாட்படை வீரர்களையும் அவர்களது ஆயுதங்களையும் 1:35 அளவு பிளாஸ்டிக் மாடல்களாக ஒட்டி, வண்ணம் தீட்டிச் சேர்ப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். தமியா, மினிஆர்ட் நிறுவனங்களின் மாடல் கிட்டுகளைப் பலர் வெளிநாட்டுக் கடைகளில் நேரடியாக வாங்குகிறார்கள். அந்தப் பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டால் இவர்கள் செய்கிற காரியங்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

முதல் தவறு, கடைக்காரரிடம் ‘கிஃப்ட் என்று போட்டு அனுப்புங்கள்’ என்று கேட்பது. அன்பளிப்புக்கு இருந்த வரிச்சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. விலையைக் குறைத்துப் போடச் சொல்வது அதைவிட மோசம். அறிவிப்பும் சரக்கும் பொருந்தாவிட்டால் சுங்கச் சட்டம் 111-ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்யலாம், மேலே அபராதமும் போடலாம். நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத்தையும் இழக்காதீர்கள்.

அடுத்தது பொருளின் விவரம். ‘ரைஃபிள் செட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த அதிகாரியும் பிரித்துப் பார்ப்பார். அதில் குறை சொல்ல முடியாது. ‘ஒட்டப்படாத பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் கிட், 1:35, சுடும் திறன் இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். நிஜத்தில் 111 சென்டிமீட்டர் நீளமுள்ள கார்98கே ரைஃபிள் இந்த அளவில் மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும்; தீக்குச்சியைவிடக் குட்டை. ஆனால் 1:6 பொம்மை வீரனின் துப்பாக்கி 18 சென்டிமீட்டர் வரும். அதற்கு அளவைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். தின்னரையும் பசையையும் அதே பார்சலில் சேர்க்காதீர்கள். தீப்பற்றும் திரவம் விமான அஞ்சலில் தடை. ஒரு குப்பிக்காக முழுப் பெட்டியும் நிற்கும்.

இன்னொரு சிக்கல் ஐஎஸ்ஐ முத்திரை. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஆனால் அந்த ஆணை பேசுவது 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளைப் பற்றி. மாடல் கிட் பெட்டிகள் பலவற்றில் ‘14+’ என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் படத்தை எடுத்து வைத்திருங்கள். எல்லா அதிகாரிகளும் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

பார்சலை நிறுத்தி ஆவணம் கேட்டால் வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். டிராக்கிங் எண் முதல் வரியிலேயே இருக்கட்டும். ஆர்டர் ரசீது, பணம் கட்டிய வங்கி அறிக்கையின் அந்த ஒரு பக்கம், பொருளின் அளவும் மூலப்பொருளும் தெரியும் கடைப்பக்கத்தின் அச்சுப்பிரதி, அடையாள அட்டை நகல் ஆகியவற்றை இணையுங்கள். பார்சல் அஞ்சலில் வந்ததென்றால் சென்னை வெளிநாட்டு அஞ்சலகம் போன்ற, உங்களுக்கு வந்த கடிதத்தில் குறிப்பிட்ட அலுவலகத்துக்கு. கூரியர் என்றால் அந்த நிறுவனத்தின் சுங்கப் பிரிவுக்கு. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். ‘போங்க சார், சொல்லி அனுப்புறோம்’ என்பதெல்லாம் ரசீது ஆகாது.

பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் 124-ஆம் பிரிவின்படி காரணம் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், உங்கள் பதிலையும் கேட்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எழுத்து நோட்டீஸ் வேண்டாம் என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் தாளில், படிக்காமல் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். படிக்காமல் போடாதீர்கள். பறிமுதல் ஆணையே வந்தாலும், தடைசெய்யப்படாத பொருளுக்கு அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பை 125-ஆம் பிரிவு தருகிறது. ஆணை கைக்கு வந்து 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். அதற்காகவே அஞ்சல் உறையையும் பத்திரப்படுத்துங்கள். தேதிக்கு அதுவே சாட்சி.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயம். ‘கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பார்சலில் ஆயுதம் இருக்கிறது’ என்று போன் வருகிறது. மற்றவர்கள் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். துப்பாக்கி மாடலுக்கு உண்மையிலேயே காத்திருப்பவருக்குத்தான் கை நடுங்கும். வீடியோவில் காக்கிச் சட்டை, ‘டிஜிட்டல் கைது’ மிரட்டல், பிறகு ஒரு தனிநபர் கணக்கு எண். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. சுங்கத்துறை தனிநபர் கணக்கில் பணம் கேட்காது. திரும்பவும் சொல்கிறேன், கேட்காது. சுங்கத்தின் நோட்டீஸிலும் சம்மனிலும் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது 2019 நவம்பர் முதல் நடைமுறை. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணும் பணம் போன நேரமும் கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணுடன் அன்றைக்கே உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள்.